வை ஆற்றின் இரு கரைகள்: வேல்ஸுக்குத் தனி நீதி எல்லை வேண்டுமா?

செப்ஸ்டோ என்ற சிற்றூரின் ஓரத்தில், வை ஆற்றின்மேல் 1816-இல் கட்டிய இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. மேற்குக் கரை வேல்ஸ். கிழக்குக் கரை இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர். நடந்தால் இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குள் சட்டம் மாறிவிடுகிறது. மேற்குக் கரையில் பிள்ளையை அடித்த பெற்றோர் "கண்டிக்கத்தானே அடித்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. 2022 மார்ச் 21 முதல் அங்கே அந்த வாதம் செல்லாது. கிழக்குக் கரையில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது. மேற்கில் வாடகை வீட்டுக்காரருக்குத் தனிச் சட்டம், தனிக் கலைச்சொற்கள், தனி நோட்டீஸ் காலம். ஊருக்குள் வண்டியின் பொது வேக வரம்பு மேற்கில் மணிக்கு 20 மைல், கிழக்கில் 30.

வழக்கு என்று வந்துவிட்டால் மட்டும் இரு கரைக்காரர்களும் ஒரே நீதி அமைப்பின் வாசலில்தான் நிற்க வேண்டும். அதன் பெயர் 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்'. ஒரே சட்டமும் ஒரே நீதிமன்ற அமைப்பும் செல்லும் இப்படிப்பட்ட பரப்பைத்தான் 'நீதி எல்லை' என்கிறேன். வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் ஒரு சட்டமன்றம் இருக்கிறது. அது சட்டம் இயற்றுகிறது, குற்றங்களையும் வகுக்கிறது. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் காவல்துறை, வழக்குத் தொடுக்கும் துறை, தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம், தண்டனை அனுபவிக்கும் சிறை எல்லாம் லண்டனின் பொறுப்பில் இருக்கின்றன.

இப்படியே தொடரலாமா, பாதி பிரிக்கலாமா, முழுக்கப் பிரித்துவிடலாமா? ஆணையத்துக்கு மேல் ஆணையம் வைத்து வேல்ஸ் இதைத்தான் விவாதித்துக்கொண்டிருக்கிறது. மூன்று வழிகளுக்கும் சொந்தக் காரணங்கள் உண்டு. எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது. அதைக் கடைசி வரை ஒளித்துவைக்கப் போவதில்லை: முதலில் சட்டத்தைப் பிரிக்க வேண்டும், நீதித்துறையின் பணத்தையும் நிர்வாகத்தையும் பிறகு படிப்படியாகப் பிரிக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் பேச்சு நகராமல் நிற்கிறது.

கொஞ்சம் பின்கதை. எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1536-இலும் 1543-இலும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் சட்டத்துக்குள் கரைத்தன. பத்தாம் நூற்றாண்டு அரசன் ஹவெல் தாவின் பெயரால் வழங்கிய பழைய வேல்ஸ் சட்டம் அத்துடன் ஒழிந்தது. நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டுமே என்றும் ஆனது. அப்போதும் வேல்ஸுக்கென்று 'பேரமர்வு' நீதிமன்றங்கள் இருந்தன. 1830-இல் அவற்றையும் கலைத்தார்கள். பிறகு 1997 செப்டம்பர் வாக்கெடுப்பில் வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் தனிச் சபை கிடைத்தது. 1999-இல் கூடிய அந்தச் சபைக்கு முதலில் முதன்மைச் சட்டம் இயற்றும் அதிகாரமே கிடையாது. 2011 வாக்கெடுப்பில் சுமார் 63.5 சதவீதம் பேர் ஆம் என்ற பிறகுதான் முழுமையான சட்டங்கள் வரத் தொடங்கின. 2020 மே முதல் அதன் பெயர் செனெத். ஆங்கில எழுத்தில் இறுதியில் இரண்டு 'டி' இருப்பதைப் பார்த்துச் 'செனட்' என்று படித்துவிடக் கூடாது. வெல்ஷ் மொழியில் அந்த இரட்டை எழுத்து 'அது' என்பதில் வரும் மெல்லிய தகரம்.

ஸ்காட்லாந்தின் கதை வேறு. 1707-இல் இங்கிலாந்துடன் இணைந்தபோதே தன் நீதிமன்றங்களையும் தனிச் சட்டத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிக் காப்பாற்றிக்கொண்டது. வட அயர்லாந்துக்கு 1921 முதல் தனி நீதி எல்லை. சட்டமன்றம் இருந்தும் நீதி எல்லை இல்லாத ஒரே பகுதி வேல்ஸ்தான். ஆங்கிலேயச் சட்ட மரபு பரவிய நாடுகளில் இப்படி ஒரு ஏற்பாட்டைத் தேடினாலும் கிடைப்பது கடினம்.

'நீதி எல்லை' என்று நான் சொல்வதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இது எந்த நாட்டுச் சட்டம் என்பது ஒன்று. நீதிமன்றத்தையும் சிறையையும் நடத்துவது யார், செலவு யாருடையது என்பது இன்னொன்று. சட்டமன்றம் தன் வரம்பை மீறியதா என்று சொல்லும் நடுவர் யார் என்பது மூன்றாவது. மேடைப் பேச்சில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். தனி நீதி எல்லை கேட்பவர்கள், அது வந்தால் லண்டனின் உச்ச நீதிமன்றம் தலையிடாது என்பதுபோல் பேசுகிறார்கள். அப்படி இல்லை. ஸ்காட்லாந்துக்குத் தனி நீதி எல்லை இருந்தும், அதன் மசோதாக்கள் வரம்பு மீறினவா என்பதை அதே உச்ச நீதிமன்றம்தான் சொல்கிறது.

வழி ஒன்று: இருப்பதைச் செப்பனிடுவது

இப்போதைய ஏற்பாட்டில் ஒரு நுட்பமான சொல் விளையாட்டு உண்டு. செனெத் இயற்றும் சட்டம் 'வேல்ஸின் சட்டம்' என்று தனியாக நிற்பதில்லை. அது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான சட்டத்தின் ஒரு பகுதியாகிறது. ஆனால் வேல்ஸில் மட்டும் பொருந்துகிறது. புத்தகம் ஒன்று, சில பக்கங்களின் மேல் 'ஆற்றுக்கு மேற்கே மட்டும்' என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். 2017-ஆம் ஆண்டின் வேல்ஸ் சட்டம், செனெத்தும் வேல்ஸ் அமைச்சர்களும் உருவாக்கிய சட்டத் தொகுதி ஒன்று இருப்பதை ஒரு வரியில் ஒப்புக்கொள்கிறது. அதே சட்டம், ஒற்றை நீதி எல்லையைச் செனெத் தொடக் கூடாத விஷயங்களின் பட்டியலிலும் சேர்த்திருக்கிறது. ஒரு கையால் பெயர் சூட்டி மறு கையால் கதவைச் சாத்தியதுபோல்.

இதன் நன்மைகளை வேல்ஸ் தேசியவாதிகள் எளிதில் தள்ளிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கும் நீதிபதிக்கு வேல்ஸ் வாடகைச் சட்டம் அயல்நாட்டுச் சட்டம் இல்லை. நிபுணரைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்காமல் அவரே படித்துப் பொருள் சொல்லலாம். ஸ்காட்லாந்துச் சட்டம் ஓர் ஆங்கிலேய நீதிமன்றத்தில் எழுந்தால் அதைப் பொதுவாக ஒரு சங்கதிபோல நிரூபித்தாக வேண்டும். கார்டிஃப் வழக்கறிஞர் லண்டனில் வாதாடலாம், லண்டன்காரர் ஸ்வான்சீயில் வாதாடலாம், தனி உரிமம் வேண்டாம். உலகெங்கும் வணிக ஒப்பந்தங்களில் 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் சட்டப்படி' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அந்த முத்திரையில் வேல்ஸின் பெயரும் இருப்பது கார்டிஃபின் சட்ட நிறுவனங்களுக்கு ஒரு சொத்து.

வடக்கு வேல்ஸுக்கு இன்னொரு கணக்கு. ரெக்ஸமிலிருந்தோ ரில்லிலிருந்தோ பார்த்தால் கார்டிஃப் மலைகளுக்கு அப்பால் நெடுந்தூரம். லிவர்பூலும் செஸ்டரும் கூப்பிடு தூரம். 2007 வரை நீதிபதிகளின் சுற்று வட்டாரமே 'வேல்ஸ் மற்றும் செஸ்டர்' என்றுதான் இருந்தது. அந்த வடக்கத்தி வழக்கறிஞருக்குத் தனி நீதி எல்லை என்றால், கிழக்கே இருக்கும் தன் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை இழப்போமோ என்ற பயம் வருவது இயல்பு.

செப்பனிடும் வேலையும் நடக்காமல் இல்லை. 2019-இல் செனெத் (அப்போது தேசிய சபை) இயற்றிய சட்டம், வேல்ஸ் சட்டங்களை மக்கள் எளிதில் அணுகும்படி தொகுத்து வைக்கும் கடமையை அமைச்சர்கள்மேல் சுமத்தியது. ஆங்கில வாசகமும் வெல்ஷ் வாசகமும் சம மதிப்புடையவை என்பதையும் அது உறுதிப்படுத்தியது. அந்தத் திட்டத்தின் முதல் பெரிய விளைச்சல் 2023-இன் வரலாற்றுச் சின்னங்கள் சட்டம். பல பத்தாண்டுகளாகச் சிதறிக்கிடந்த விதிகளை இரு மொழியிலும் ஒரே இடத்தில் கொண்டுவந்தது. மனநலம், கல்வி, வேளாண் நிலம், வாடகை போன்றவற்றுக்கான வேல்ஸ் தீர்ப்பாயங்களுக்கு 2017-இல் முதன்முறையாக ஒரு தலைவரும் வந்தார். அவர் சர் வின் வில்லியம்ஸ். பிரிட்டனின் அஞ்சல் துறைக் கணினி ஊழலை விசாரித்தவர் என்றால் பலருக்கு நினைவு வரும்.

இந்த வழியின் ஓட்டை எங்கே என்றால், அது காலப்போக்கில் பெரிதாகும் ஓட்டை. சட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு விலகிக்கொண்டே போகின்றன. 2026 மே தேர்தலிலிருந்து செனெத்தில் 60-க்குப் பதில் 96 உறுப்பினர்கள். உறுப்பினர்கள் கூடினால் சட்டமும் கூடும். 'பொதுவான சட்டம்' என்ற அட்டைக்குள் இரண்டு புத்தகங்கள் வளரும். எந்தப் பக்கம் யாருக்கு என்று தெரியாமல் ஆங்கிலேய விதியை வேல்ஸ் வழக்கில் மேற்கோள் காட்டும் அபாயமும் சேர்ந்து வளரும்.

வழி இரண்டு: சட்டத்தை மட்டும் பிரிப்பது

2016 மார்ச்சில், தொழிற்கட்சியின் கார்வின் ஜோன்ஸ் முதலமைச்சராக இருந்த வேல்ஸ் அரசு தானே ஒரு மாற்று மசோதா வரைவை வெளியிட்டது. செனெத்தின் அதிகாரங்களைத் திருத்தி எழுத லண்டன் கொண்டுவந்த வரைவு அவ்வளவு மோசமாக இருந்ததால் வந்த எதிர்வினை அது. செனெத் ஒவ்வோர் அடியும் 'அவசியம்தானா' என்று நிரூபித்துவிட்டு எடுத்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் லண்டன் வரைவில் நிறைய இருந்தன. கடும் விமரிசனத்துக்குப் பிறகு அவற்றில் பலவற்றைக் கைவிட்டார்கள்.

வேல்ஸின் மாற்று வரைவில் இருந்த யோசனை எனக்குப் பிடித்தது. 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் சட்டம்' என்பதை இங்கிலாந்துச் சட்டம், வேல்ஸ் சட்டம் என்று இரண்டாக அறிவிக்க வேண்டும். நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் இரண்டுக்கும் பொதுவாகவே இருப்பார்கள். கட்டடத்தை இடிக்க வேண்டாம், சுவர் எழுப்ப வேண்டாம், கதவில் இரண்டு பெயர்ப்பலகை மாட்டினால் போதும் என்ற ஏற்பாடு.

"பெயர்ப்பலகையால் என்ன பயன்?" என்று கேட்கலாம். நிறைய உண்டு. ஒற்றை நீதி எல்லையைக் காப்பாற்ற வேண்டும் என்ற காரணத்தால்தான் 2017 சட்டத்தில் செனெத் தொடக் கூடாத பட்டியல் அவ்வளவு நீண்டது. பொதுச் சட்டத்தில் கைவைத்தால் இங்கிலாந்தின் சட்டமும் குழம்பிவிடும் என்பதே வாதம். சொத்து, ஒப்பந்தம், தீங்கியல் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்), குற்றவியல் ஆகியவற்றின் அடிப்படை விதிகளைச் செனெத் ஓர் எல்லைக்கு மேல் மாற்ற முடியாதபடி வேலி போட்டதும் அதனால்தான். இரண்டு சட்டங்கள் என்று அறிவித்துவிட்டால் அந்த வேலிக்கான காரணமே போய்விடுகிறது. மேற்கே மாற்றினால் மேற்கே மட்டுமே மாறும்.

செலவும் குறைவு. புதிய உயர் நீதிமன்றம் கட்ட வேண்டாம், சிறைகளை வாங்க வேண்டாம். எந்த வழக்கு எந்தச் சட்டத்தின்கீழ் வரும் என்று தீர்மானிக்கும் விதிகள் வேண்டும். அந்த வேலை கொஞ்சம் சலிப்பூட்டும், ஆனால் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றன.

குறையும் சொல்லிவிடுகிறேன், இது சின்னக் குறை இல்லை. நீதிமன்றம் மூடப்பட்ட ஊரில் இருப்பவருக்கோ, சட்ட உதவி கிடைக்காமல் தானே வாதாடும் தாய்க்கோ இந்த வழி ஒன்றும் தராது. வேல்ஸில் பெண்களுக்குச் சிறையே இல்லை. தண்டனை பெற்ற பெண்கள் குளோஸ்டர்ஷயரின் ஈஸ்ட்வுட் பார்க்குக்கோ செஷயரின் ஸ்டையலுக்கோ போகிறார்கள். பெம்ப்ரோக்கிலிருந்து பிள்ளைகள் அம்மாவைப் பார்க்கப் போனால் போக வர ஒரு நாள் போய்விடும். பெயர்ப்பலகை அந்தப் பயணத்தை ஒரு மைல்கூடக் குறைக்காது.

வழி மூன்று: முழுப் பொறுப்பும் கார்டிஃபுக்கு

இந்த வழிக்கு வலுவான வழக்கறிஞராக வந்தவர் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கும்கீத் ஊரின் தாமஸ் பிரபு, 2013 முதல் 2017 வரை இங்கிலாந்து மற்றும் வேல்ஸின் தலைமை நீதிபதி. ஒற்றை அமைப்பின் உச்சியில் உட்கார்ந்திருந்த மனிதர், ஓய்வுக்குப் பின் வேல்ஸ் நீதி ஆணையத்தின் தலைவரானார். 2019 அக்டோபரில் வந்த அறிக்கையில் 78 பரிந்துரைகள். இப்போதைய அமைப்பு வேல்ஸ் மக்களைக் கைவிட்டுவிட்டது என்பது ஆணையத்தின் ஒருமித்த முடிவு. நீதியும் காவலும் சிறையும் சட்ட உதவியும் செனெத்தின் பொறுப்புக்கு வர வேண்டும், வேல்ஸ் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வேறாக அறியப்பட வேண்டும் என்று அது சொன்னது.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய சங்கதி பணம். நீதிக்காக வேல்ஸில் ஆகும் மொத்தச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் ஏற்கெனவே வேல்ஸ் அரசிடமிருந்தும் உள்ளாட்சி வரிகளிலிருந்தும் வருகிறது. போதைப்பழக்க சிகிச்சை, சமூக சேவை, வீட்டுவசதி, கைதிகளின் உடல்நலம், கல்வி எல்லாம் கார்டிஃபின் துறைகள். குற்றத்தின் காரணங்களை ஒரு அரசு கையாள்கிறது, விளைவுகளை இன்னொரு அரசு கையாள்கிறது. பணம் கொடுப்பவருக்குக் கொள்கையில் சொல் இல்லை. கொள்கை வகுப்பவருக்கு, விடுதலையான கைதிக்கு வீடு தேடும் துறை கையில் இல்லை.

பிள்ளைகளை அடிப்பது பற்றிய சட்டமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செனெத் அந்த வாதத்தை நீக்கியது. ஆனால் யார்மேல் வழக்குப் போடுவது என்ற முடிவு லண்டனுக்குப் பதில் சொல்லும் துறையிடம். பெற்றோரை நீதிமன்றத்துக்கு இழுக்காமல் ஆலோசனைக்கு அனுப்பும் திட்டத்துக்கு வேல்ஸ் அரசு தன் பணத்தைப் போட்டு, காவல்துறையுடன் பேசி ஏற்பாடு செய்தது. இன்னொரு விதி இதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்கிறது: செனெத்தில் மசோதா வந்தால், அதனால் நீதி அமைப்பின்மேல் என்ன சுமை ஏறும் என்று கணக்கிட்டு அறிக்கை வைக்க வேண்டும். நீதிமன்றம் லண்டனுடையது, வேலை கொடுப்பது கார்டிஃப், ஆகவே பில் யாருக்கு என்ற சங்கடம்தான் காரணம்.

"மூன்று மில்லியன் மக்களுக்குத் தனி நீதி அமைப்பா?" என்ற கேள்வி அடிக்கடி வரும். வட அயர்லாந்தின் மக்கள்தொகை 19 லட்சம்தான். அதற்குத் தனித் தலைமை நீதிபதி, தனி மேல்முறையீட்டு நீதிமன்றம், தனி வழக்கறிஞர் சங்கம் எல்லாம் உண்டு. அளவைக் காரணம் காட்டும் வாதம் அத்துடன் முடிந்தது.

ஆனால் வட அயர்லாந்தை முழுதாகப் படித்தால் எச்சரிக்கையும் கிடைக்கிறது. அங்கே காவலும் நீதியும் 2010 ஏப்ரல் 12 அன்று பெல்ஃபாஸ்ட்டின் கைக்கு வந்தன. அதற்கு முன் நீண்ட பேரம். 2009-இல் அப்போதைய பிரதமர் கார்டன் பிரௌன் ஏறத்தாழ 80 கோடி பவுண்டு நிதித் தொகுப்பை உறுதியளித்த பிறகுதான் பேச்சு முன்னேறியது. அதுவும், தனி நீதிமன்றங்களும் தனிச் சட்டப் புத்தகமும் ஏற்கெனவே இருந்த இடத்தில். வேல்ஸுக்கு அவை எதுவும் கையில் இல்லை. நிதி உறுதி இல்லாமல் நிர்வாகத்தை வாங்கிக்கொண்டால், லண்டன் வெட்டிய பட்ஜெட்டுக்கு கார்டிஃப் பழி சுமக்க நேரும். சிறைகளுக்கு அனுப்பப்படும் மக்களின் விகிதம் வேல்ஸில் அதிகம். மேற்கு ஐரோப்பாவிலேயே உயர்ந்த வரிசையில் அது இருக்கிறது. சிறையை வாங்குவது என்றால் அந்த எண்ணிக்கையையும் சேர்த்தே வாங்குவது.

2024 ஜனவரியில் அறிக்கை தந்த இன்னொரு ஆணையம், லாரா மெக்காலிஸ்டரும் முன்னாள் பேராயர் ரோவன் வில்லியம்ஸும் இணைந்து தலைமை வகித்தது, நீதியையும் காவலையும் மாற்றித் தரச் சொன்னது. 2022-இல் கார்டன் பிரௌன் தலைமையிலான தொழிற்கட்சி ஆணையம் அவ்வளவு தூரம் போகவில்லை. இளையோர் நீதியையும் தண்டனைக்குப் பிந்தைய கண்காணிப்பையும் மட்டும் தரலாம் என்றது. ஒரே கட்சி கார்டிஃபில் ஒன்று சொல்வதும் லண்டனில் இன்னொன்று சொல்வதும் வேல்ஸ் அரசியலைக் கவனிப்பவர்களுக்குப் பழகிப்போனது.

நடுவர் யார்?

இப்போது மூன்றாவது கேள்வி. மேலே சொன்ன எந்த வழியைத் தேர்ந்தாலும் இது மாறாது என்பதால் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

செனெத் மசோதாவை நிறைவேற்றியதும் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் லண்டன் அரசின் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலோ, வேல்ஸ் அரசின் சட்ட அதிகாரியான கவுன்சல் ஜெனரலோ அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பி, வரம்புக்குள் இருக்கிறதா என்று கேட்கலாம். முழு அதிகாரம் கிடைத்த பிறகு சபை நிறைவேற்றிய முதல் மசோதாவையே அப்படி அனுப்பினார்கள். உள்ளாட்சித் துணைவிதிகள் பற்றிய அந்த மசோதாவில் தேசத்தை உலுக்கும் விஷயம் எதுவும் இல்லை. தெருவில் நாய் அசுத்தம் செய்வது போன்றவற்றுக்கு ஊராட்சிகள் போடும் விதிகளுக்கு லண்டன் அமைச்சரோ வேல்ஸ் அமைச்சர்களோ ஒப்புதல் தர வேண்டும் என்றிருந்ததை நீக்கியது, அவ்வளவுதான். 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மசோதாவின் பக்கம் நின்றது. இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு பெரிய மேடையா என்று அன்றைக்கே பலர் முகம் சுளித்தார்கள்.

அடுத்தது 2014 ஜூலையில் வந்த தீர்ப்பு. லண்டன் அரசு வேளாண் கூலி வாரியத்தை 2013-இல் ஒழித்தது. வேல்ஸ் அதைத் தன் எல்லைக்குள் தொடர விரும்பிச் சட்டம் போட்டது. வேளாண்மை வேல்ஸின் அதிகாரம். கூலி என்பதோ வேலைவாய்ப்பு, அது பகிரப்படாத துறை என்றது லண்டன். ஒரு சட்டம் வேளாண்மையாகவும் இருக்கலாம், வேலைவாய்ப்பாகவும் இருக்கலாம். கொடுத்த தலைப்புகளில் ஒன்றுக்கு நேர்மையாகப் பொருந்தினால் போதும் என்று நீதிமன்றம் தீர்த்தது. வேல்ஸ் கொண்டாடியது. ஆனால் இந்த வெற்றிதான் லண்டனை விழிக்க வைத்தது. கொடுத்தவற்றின் பட்டியலை விட்டுவிட்டு, கொடுக்காதவற்றின் பட்டியலுக்கு மாறினார்கள். 2018 ஏப்ரல் முதல் வேலைவாய்ப்பும் தொழில் உறவுகளும் தடைப்பட்டியலில். 2014 கூலிச் சட்டத்துக்கு மட்டும் தனி விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கதவு சாத்துவதற்குள் 2017-இலேயே தொழிற்சங்கச் சட்டம் ஒன்றையும் வேல்ஸ் அவசரமாக நிறைவேற்றிக்கொண்டது.

மூன்றாவது தீர்ப்பில் வேல்ஸ் தோற்றது. கல்நார் தூசியால் நோயுற்றவர்களுக்கு மருத்துவமனை செய்த செலவை, அவர்களை வேலைக்கு வைத்த நிறுவனங்களிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் வசூலிக்கும் மசோதா அது. தொழிற்சாலைகள் நிறைந்த தெற்கு வேல்ஸில் அது வெறும் சட்டப் புதிராக இருந்திருக்காது. 2015 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் மையக் கேள்வியில் மூவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். மருத்துவச் சேவையின் நிதி என்ற தலைப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு போதாது, பழைய பொறுப்புகளை இப்போது மாற்றுவது காப்பீட்டாளர்களின் சொத்துரிமையைத் தொடுகிறது என்று மன்ஸ் பிரபு தலைமையிலான பெரும்பான்மை சொன்னது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் மதிப்பீட்டுக்கு இன்னும் எடை தர வேண்டும் என்ற மாற்றுக் கருத்தை எழுதியவர் வேறு யாரும் இல்லை, மேலே பார்த்த தாமஸ் பிரபுதான். ஹேல் சீமாட்டி அவருடன் நின்றார்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உச்ச நீதிமன்றம் வேல்ஸுக்கு எதிரி என்று சொல்ல முடியாது. வேல்ஸின் தலைவலி நீதிபதிகளைவிட, அவர்கள் படித்துப் பொருள் சொல்ல வேண்டிய சட்டத்தின் வாசகம். அந்த வாசகத்தை வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டனின் நாடாளுமன்றம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2017 ஜனவரி 24 அன்று, பிரெக்சிட் தொடர்பான மில்லர் வழக்கில், பகிர்ந்தளித்த துறைகளில் நாடாளுமன்றம் 'சாதாரணமாக' அந்தந்தச் சபையின் சம்மதம் இல்லாமல் சட்டம் இயற்றாது என்ற மரபு அரசியல் மரபு மட்டுமே, நீதிமன்றம் அதைக் காவல் காக்காது என்று தீர்ப்பாயிற்று. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜனவரி 31 அன்று, அதே வாக்கியத்தை வேல்ஸுக்கும் எழுதிவைத்த சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. நீதிமன்றத்தில் செல்லாது என்று தெரிந்தே கொடுத்த சீட்டு.

2020-இன் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் வந்தபோது இது உறைத்தது. இங்கிலாந்தில் விற்கத் தகுந்த பொருள் வேல்ஸிலும் விற்கத் தகுந்தது என்பது அதன் சாரம். வேல்ஸ் ஒரு பொருளைத் தடை செய்தாலும் எல்லைக்கு அப்பாலிருந்து அது வந்து சேரலாம். கவுன்சல் ஜெனரல் வழக்குப் போட்டார். குறிப்பிட்ட மசோதா எதுவும் இல்லாமல் பொதுவாகக் கேட்பது முன்கூட்டிய வழக்கு என்று சொல்லி 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது.

நடுவரை மாற்றுவது பற்றி இரண்டு யோசனைகள் உண்டு. உச்ச நீதிமன்றத்தில் வேல்ஸுக்கென்று ஓர் இருக்கை வேண்டும் என்பது ஒன்று. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் மரபுப்படி இருக்கைகள் இருக்கின்றன. வேல்ஸைச் சேர்ந்த நீதிபதி லாய்ட்-ஜோன்ஸ் பிரபு 2017-இல் அங்கே பதவியேற்றபோது வெல்ஷ் மொழியிலும் உறுதிமொழி எடுத்தார். நீதிமன்றம் 2019 ஜூலையில் கார்டிஃபில் வந்து அமர்ந்தது. நல்ல அடையாளங்கள். ஆனால் தனிச் சட்டம் என்று ஒன்று இல்லாதபோது அதற்கென்று தனி நீதிபதி எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். வழி இரண்டு இங்கேயும் உதவும்: வேல்ஸ் சட்டம் என்று ஒன்று இருந்தால் அதை அறிந்த நீதிபதி இருந்தாக வேண்டும் என்பது தானே வந்துவிடும். இரண்டாவது யோசனை, சம்மத மரபை நீதிமன்றம் காக்கும் சட்டமாக மாற்றுவது. அது வெஸ்ட்மின்ஸ்டரின் முழு இறையாண்மையில் கைவைப்பது. கேட்பவர்கள் கூட்டாட்சியைக் கேட்கிறோம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு கேட்பது நல்லது.

எந்த வரிசை?

நான் கார்டிஃபில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால், முழுப் பொறுப்பையும் ஒரே தவணையில் கேட்க மாட்டேன். முதல் அமர்விலேயே இரண்டு சட்டங்கள் என்ற அறிவிப்பைக் கேட்பேன். லண்டனுக்கு அது பைசா செலவில்லாத காரியம். மறுக்க வேண்டுமானால் கொள்கையைச் சொல்லித்தான் மறுக்க வேண்டியிருக்கும், பட்ஜெட்டின் பின்னால் ஒளிய முடியாது. கூடவே வேல்ஸ் தீர்ப்பாயங்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து, அவற்றுக்கு ஒரு மேல்முறையீட்டு அமைப்பையும் வைப்பேன். நாளைய நீதிமன்றத்தை நடத்தும் பயிற்சி அங்கேதான் கிடைக்கும்.

அதன் பின் இளையோர் நீதி. பிள்ளைகளின் கல்வி, நலம், குடும்ப சேவை எல்லாம் ஏற்கெனவே கார்டிஃபின் கையில் இருப்பதால், நிர்வாகச் சிக்கல் குறைவாகவும் பலன் விரைவாகவும் கிடைக்கும் துறை இது. அடுத்து தண்டனைக்குப் பிந்தைய கண்காணிப்பு. சிறைகளை மட்டும் கடைசியில் வைப்பேன். எத்தனை பேர் சிறைக்குப் போகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கும் தண்டனைக் கொள்கையும், வட அயர்லாந்துக்குக் கிடைத்ததுபோல் எழுத்தில் ஒரு நிதி உறுதியும் கையில் வராமல் ரெக்ஸமின் பெர்வின் சிறைச் சாவியை வாங்கிக்கொள்ள நான் கையெழுத்திட மாட்டேன். சுமார் 2,100 பேரை அடைக்கக்கூடிய அந்தச் சிறையில் இங்கிலாந்திலிருந்து வந்த கைதிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கான செலவு எந்தக் கணக்கில் என்று முதலில் பேசி முடிக்க வேண்டும்.